வட இத்தாலி செல்ஃப் டிரைவ் பயணத்தில் இடைத்தங்கல் ஊர்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
சென்னை.

பொருள்: வட இத்தாலி செல்ஃப் டிரைவ் திட்டம்; வெரோனா, பெல்லாஜியோ இடைத்தங்கல்கள்; சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனம் எங்கள் குடும்பத்துக்கு விற்ற பயணத் திட்டத்தின்படி, மிலான் நகரின் மல்பென்சா விமான நிலையத்தில் காரை எடுத்துக்கொண்டு முதல் இரவு வெரோனாவில் தங்க வேண்டும். அடுத்து டோலமைட் மலையில் ஓர்ட்டிசே, அதன் பின் வெனிஸ். கடைசி இரவு கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜியோ, மறுநாள் காலை மல்பென்சாவிலிருந்து விமானம். ஓர்ட்டிசே, வெனிஸ் ஹோட்டல்களைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் புகார் முதல் இரவையும் கடைசி இரவையும் பற்றியது. அந்த இரண்டு ஊர்களும் மிக அழகானவை. ஆனால் காரில் வந்து ஓர் இரவு மட்டும் படுத்து எழுந்து போகிறவர்களுக்கு அவை பொருந்தாது. இது இத்தாலிச் சாலைகளை அறிந்த எவருக்கும் தெரிந்த விஷயம். திட்டம் போட்டுத் தருவதற்கென்றே தனிக் கட்டணம் வாங்கிய உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் வெரோனா. விமானம் வெள்ளிக்கிழமை மதியம் 2.30 மணிக்கு மல்பென்சாவில் இறங்குகிறது. குடியேற்றச் சோதனை, லக்கேஜ், வாடகைக் கார் கவுன்டர் எல்லாம் முடிய ஜூலை மாதத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து வெரோனா 200 கி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் பயணத் தாளில் '2 மணி 15 நிமிடம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சாலை காலியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலையில் மிலான் நகரத்தார் ஏரிகளுக்கும் மலைகளுக்கும் கிளம்புவார்கள்; மிலானிலிருந்து பெர்கமோ வழியாக பிரெஷா வரை ஏ4 நெடுஞ்சாலை நெருக்கியடித்து நிற்கும். இரவெல்லாம் விமானத்தில் தூங்காமல் வந்தவர், பழக்கமில்லாத இடப்பக்க ஸ்டியரிங்கில், அந்த நெரிசலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கிறது. இது சௌகரியக் குறைவு மட்டும் அல்ல, உயிருக்கு ஆபத்தான திட்டம். நீண்ட விமானப் பயணம் முடிந்த நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டும்படி யாருக்கும் திட்டம் போட்டுத் தரக் கூடாது.

இது போதாதென்று, அந்த ஹோட்டல் வெரோனாவின் பழைய நகரத்துக்குள், போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் இருந்தது. இத்தாலியர் இதை 'சோனா ஏ திராஃபிகோ லிமித்தாத்தோ' என்பார்கள். பலகைகளில் சுருக்கமாக 'இசட்-டி-எல்' (ZTL) என்று இருக்கும். இங்கே கேட் கிடையாது, தடுக்க ஆளும் நிற்பதில்லை. வெள்ளைப் பரப்பில் சிவப்பு வட்டம் போட்ட பலகை, அதன் பக்கத்தில் 'வார்க்கோ அத்திவோ' என்று ஒளிரும் எழுத்து, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். அந்த எழுத்து எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாத கார் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். இருட்டிய பிறகு, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, மேப் 'நேராகப் போ' என்று சொல்ல, முதல் தடவை வருகிறவர் அதை வாசித்து முடிப்பதற்குள் கார் கேமராவைக் கடந்துவிடும்.

அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டலில் தங்குகிறவருக்கு அனுமதி உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்காது. காரின் நம்பர் பிளேட்டை ஹோட்டல்தான் நகராட்சிக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். வாடகைக் காரின் நம்பரோ கவுன்டரில் சாவி கையில் வரும் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே சாவி வாங்கியதும், கிளம்பும் முன்பே, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஹோட்டலுக்கு அனுப்பி, 'பதிவு செய்துவிட்டோம்' என்று பதில் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் உங்கள் வவுச்சரில் இல்லை, பயணக் கையேட்டில் இல்லை, உங்கள் ஊழியர் தொலைபேசியில் தந்த விளக்கத்திலும் இல்லை. வவுச்சரில் இருந்தது 'பார்க்கிங் வசதி உண்டு' என்பது மட்டும். அந்த ஹோட்டலுக்குச் சொந்தமாகப் பார்க்கிங்கே கிடையாது. சாமானை இறக்கிவிட்டு, காரை வெளியே உள்ள கட்டணப் பார்க்கிங்கில் கொண்டுபோய் விட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குள் சாமானை ஏற்றுவதற்காக மீண்டும் உள்ளே வர வேண்டும். வெள்ளி இரவு ஒரு நுழைவு, சனி காலை ஒரு நுழைவு. இரண்டு தேதி, இரண்டு அபராதம்.

ஒரு மீறலுக்கு அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது. நோட்டீஸ் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் வரை அவகாசம் இருப்பதால், பயணம் முடிந்து எல்லாம் மறந்த பிறகுதான் அது வந்து சேரும். அதற்கு முன்பே வாடகைக் கார் நிறுவனம், ஓட்டுநர் விவரத்தைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்காக ஒவ்வொரு நோட்டீஸுக்கும் தனித்தனிக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் பிடித்துக்கொள்ளும். இது அபராதத்தில் சேராது. பதிவு செய்யாத நம்பர் என்பதால் மேல்முறையீடு செய்தாலும் வெல்வது கடினம். இதையெல்லாம் நாங்கள் கேட்டபோது 'போக்குவரத்து அபராதம் வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு வரியில் பதில் அனுப்பினீர்கள். வேகமாக ஓட்டியிருந்தால் அந்தப் பதில் சரி. நீங்கள் தேர்ந்தெடுத்த ஹோட்டலின் வாசலுக்குப் போனதற்கே அபராதம் என்றால் அது எங்கள் பொறுப்பாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெரோனாவின் அரேனா அரங்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓபரா நடக்கும். ஓபரா இரவுகளில் பழைய நகரத்து அறை வாடகை ஏறிவிடும், பார்க்கிங் நிரம்பிவிடும். ஓபராவுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் அந்த விலையைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. இரவில் வந்து, காலை பத்துக்குக் கிளம்பும் குடும்பத்தின் தலையில் அந்த விலையை ஏன் கட்டினீர்கள்?

அதே நாளுக்குச் செய்திருக்கக்கூடிய தேர்வுகள் கண் முன்னாலேயே இருந்தன. மதியத்துக்கு மேல் இறங்கும் விமானத்துக்கு பெர்கமோதான் சரி. மல்பென்சாவிலிருந்து சுமார் 95 கி.மீ., ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கீழ் நகரத்தில், ரயில் நிலையத்தின் பக்கம், சொந்தப் பார்க்கிங் உள்ள ஹோட்டலில் காரை நிறுத்திவிட்டு, ஃபுனிகுலார் எனப்படும் இழுவை ரயிலில் மேல் நகரத்துக்கு ஏறினால் மதில்கள், சதுக்கம், இரவுச் சாப்பாடு எல்லாம் நடந்தே முடிந்துவிடும். காரை மறுநாள் காலை வரை தொட வேண்டாம். விமானம் காலையிலேயே இறங்குமானால் பெஸ்கியேரா தெல் கார்தா நல்லது. ஏ4-இல் அதன் பெயரிலேயே வெளியேறும் வழி இருக்கிறது. கார்தா ஏரியும் கோட்டையும் நடை தூரம். வெரோனாவைப் பார்க்க ஆசைப்பட்டால் காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் ஏறினால் கால் மணி நேரம்தான். மறுநாள் ஆஃபி ஊருக்குப் போகும் விரைவுச் சாலையைப் பிடித்தால் வெரோனாவைச் சுற்றாமலே, வடக்கே மலைக்குப் போகும் ஏ22 நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். பெர்கமோ, பெஸ்கியேரா இரண்டின் வெனிஸ் காலக் கோட்டை மதில்களும் 2017-இல் யுனெஸ்கோவின் ஒரே பதிவில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டவை. ஆகவே 'பார்க்க ஒன்றும் இல்லாத ஊர்' என்ற சாக்கும் செல்லாது.

சனிக்கிழமை காலை பத்துக்கு வெரோனாவை விட்டுக் கிளம்பி, மதியம் ஒன்றுக்கு ஓர்ட்டிசேயில் செசெடா கேபிள் காரில் ஏற வேண்டும் என்பது உங்கள் தாள். தூரம் ஏறக்குறைய 190 கி.மீ.; ஏ22-இல் கியூசா வரை போய், பிறகு மலைச் சாலை. மலைப் பகுதி ஹோட்டல்களிலும் அபார்ட்மென்ட்களிலும் கோடைக்காலத்தில் சனிக்கு சனிதான் ஆள் மாறும். அதனால் வாரத்திலேயே இந்தச் சாலை மிக மோசமாக இருப்பது ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில்தான். முன்பதிவு செய்த கேபிள் கார் நேரத்தைப் பிடிக்கவே முடியாது.

ஓர்ட்டிசேயிலிருந்து வெனிஸ் போகும் நாளிலும் இதே அவசரக் கணக்குதான். செல்லா, போர்தோய், ஃபால்சரேகோ கணவாய்களைத் தாண்டி கோர்த்தினா வழியாக 3 மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். போர்தோய் மட்டுமே 2,239 மீட்டர் உயரம், இரு பக்கமும் கொண்டை ஊசி வளைவுகள். கோர்த்தினாவிலிருந்து வெனிஸுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் நான்கரை மணி நேரம். உண்மையில் ஓர் இடைத்தங்கல் தேவைப்பட்ட இடம் இதுதான். ஏ27 ஓரத்தில் இருக்கும் கொனெலியானோவில் ஓர் இரவு வைத்திருந்தால், மறுநாள் காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலிலேயே வெனிஸ் போயிருக்கலாம். கார் நுழையவே முடியாத ஊருக்கு காரை ஓட்டிப்போய், ஊர் வாசலில் உள்ள பார்க்கிங் இடமான பியாத்சாலே ரோமாவில் நாள் வாடகை கொடுத்துச் சும்மா நிறுத்தி வைத்த செலவும் குறைந்திருக்கும்.

இனி பெல்லாஜியோ. விமானம் காலை 10.30-க்கு. மூன்று மணி நேரம் முன்னதாக கவுன்டரில் நிற்க வேண்டும், அதற்கும் முன்னால் பெட்ரோல் நிரப்பி காரை ஒப்படைக்க வேண்டும் என்றால் ஏழு மணிக்கே மல்பென்சாவில் இருக்க வேண்டும். பெல்லாஜியோ, ஏரியின் இரண்டு கைகளும் பிரியும் முனையில் இருக்கிறது. அங்கிருந்து கோமோ நகரம் 30 கி.மீ.தான். ஆனால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிச் சுவர், நடுவில் எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டிய சாலை. அந்த 30 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. ஆக விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். காலை உணவு தொடங்குவதோ ஏழரைக்கு. வெனிஸிலிருந்து சுமார் 300 கி.மீ. ஓட்டி வந்து சேர்ந்து, இருட்டில் கிளம்பிப் போகும் ஊருக்கு கோமோ ஏரியின் கோடைக்கால வாடகையைக் கட்ட வைத்திருக்கிறீர்கள். பெல்லாஜியோவுக்குக் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். காரை நிறுத்திவிட்டு வரென்னா, மெனாஜியோ படகுகளில் போய் வந்தால்தான் அந்த ஊர் ஊராக இருக்கும்.

கடைசி இரவுக்கு அரோனா இருக்கிறது. மஜ்ஜோரே ஏரிக்கரை, ஏ26 வெளியேறும் வழியில், மல்பென்சாவுக்கு அரை மணி நேரம். ஏரி முகப்பில் உலாவலாம். 1698-இல் கட்டி முடித்த புனித சார்ல்ஸ் பொரோமேயோவின், பீடத்தோடு சேர்த்து 35 மீட்டர் உயரமுள்ள சிலைக்குள் ஏறி ஏரியைப் பார்க்கலாம். காலையில் ஆறேகாலுக்குக் கிளம்பினால் போதும்.

கோமோவிலிருந்து மல்பென்சா போகும்போது மேப் பெரும்பாலும் ஏ36 பெதெமொந்தானா சாலையில் திருப்பிவிடும். பெரும்பாலான இத்தாலிய நெடுஞ்சாலைகளில் நுழையும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது பணம் கட்டுவோம். இந்தச் சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா நம்பரைப் படிக்கும். 15 நாளுக்குள் இணையத்தில் நாமே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சில யூரோ டோல், வாடகைக் கார் நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்ந்து பல மடங்காகத் திரும்பி வரும். இதையும் கையேட்டில் சொல்லவில்லை. 'வழியில் மிலான் பேராலயத்தைப் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்; வார நாட்களில் அங்கே காரோடு நுழைய 7.50 யூரோ கட்ட வேண்டும் என்பது அதிலும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது. வெரோனா அபராதம் இரண்டு, அவற்றுக்கும் ஏ36 டோலுக்கும் வாடகைக் கார் நிறுவனம் பிடித்த கட்டணங்கள், தவறவிட்ட செசெடா கேபிள் கார் டிக்கெட்டுகள், பெல்லாஜியோ அறை வாடகை, திட்டம் போட்டதற்கு வாங்கிய கட்டணம் ஆகியவற்றை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகள், நோட்டீஸ் நகல்கள், கார்டு கணக்கு விவரம், உங்கள் பயணத் தாள், முன்பதிவு எண் அனைத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். இதே திட்டம் உங்கள் விலைப்பட்டியலில் இன்னமும் விற்பனைக்கு இருக்கிறது. அடுத்த கோடைக்கு அதை வாங்கப்போகும் குடும்பங்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இதைத் திருத்துங்கள். வவுச்சரில் ஹோட்டல் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கிறதா, நம்பர் பிளேட்டை யாருக்கு எப்போது அனுப்ப வேண்டும், கார் இரவில் எந்த முகவரியில் நிற்கும், அதற்கு என்ன கட்டணம் என்ற நான்கையும் தமிழில் அச்சிடுங்கள். பயண நேரத்தைக் கிழமையும் மாதமும் பார்த்து எழுதுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைப்பில்)