உன் மைத்துனர் பார்த்தது

பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள இராசு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் லேசானது. இங்கே நாங்கள் நலம். மூத்தவள் வீடு மாறி தெம்பனிஸுக்கு வந்துவிட்டாள். பேரன் வாரக் கடைசியில் எங்களோடுதான் இருக்கிறான். மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கடிதத்தில் பாதிக்கு மேல் உன் மைத்துனர் மாணிக்கம் அண்ணன் கடலில் பார்த்த பொருளைப் பற்றியதுதான்; நானும் நேராக அதற்கே வருகிறேன்.

கோடியக்கரைக்கு அப்பால், விடிவதற்கு முன், கறுப்பாக நீண்ட ஏதோ ஒன்று, முதுகில் வரிசையாக மேடுகள், முன்னால் தலை மாதிரி ஒன்று தூக்கியபடி படகைக் கடந்து போனது என்கிறார். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் கெட்ட சகுனம் என்று பரிகாரம் பேசுகிறார்கள். எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் கோபம் வருகிறது. ஆயுள் முழுவதும் கடலில் கழித்த மனிதர் கண்டதைக் கண்டபடி சொன்னால், முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டாமா?

இந்தச் சிரிப்புக்குப் பெரிய பெரிய மனிதர்களே ஆளாகியிருக்கிறார்கள். 1848 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, டீடலஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நன்னம்பிக்கை முனைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இடையே வந்துகொண்டிருந்தது. கப்பலின் தலைவர் பீட்டர் மெக்வேயும் அவருடைய அதிகாரிகளும் ஒரு விலங்கைப் பார்த்தார்கள். தலை நீருக்கு மேல் நான்கடி உயரத்தில் இருந்தது. உடல் அறுபது அடியாவது தெரிந்தது. முதுகில் குதிரைப் பிடரி போலவோ கடற்பாசி போலவோ ஏதோ அசைந்தது. சுமார் இருபது நிமிடம் அது கண்ணில் பட்டது. லண்டன் பத்திரிகையில் செய்தி வந்ததும், அக்காலத்தின் பெரிய விலங்கியலாளர் ரிச்சர்டு ஓவன் அது ஒரு பெரிய கடல்நாயாகத்தான் இருக்கும் என்று எழுதினார். மெக்வே விடவில்லை. தாங்கள் கிளர்ச்சியில் மதி மயங்கவில்லை, கண்டதைத்தான் எழுதினோம் என்று உறுதியாக மறுமொழி கொடுத்தார்.

2015-இல் கேரி கால்பிரெத் என்ற அமெரிக்க உயிரியலாளர், அந்த அதிகாரிகளின் குறிப்புகளையும் அக்காலத்துப் படங்களையும் வைத்து ஒரு விளக்கம் சொன்னார். சேய் என்ற இனத் திமிங்கிலம் இரை தேடும்போது சில நேரம் வாயைத் திறந்தபடி மேற்பரப்பை ஒட்டியே நீந்தும். அப்போது ஒடுங்கிய மேல்தாடை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெகுதூரம் பின்னால் முதுகுத்துடுப்பு தெரியும். இடையில் உள்ள உடலை நீர் மறைத்திருக்கும். பக்கவாட்டில் பார்க்கிறவருக்குப் பாம்பின் தலையும் நீண்ட உடலும்தான் தெரியும். எனக்கு இந்த விளக்கம் பிடித்ததற்குக் காரணம், இது மெக்வேயைப் பொய்யராக்கவில்லை என்பதுதான். அவர் சொன்ன ஒவ்வொரு விவரத்துக்கும் மதிப்புக் கொடுத்த பிறகே அது திமிங்கிலத்திடம் போய்ச் சேருகிறது.

கடல் எதையும் முழுதாகக் காட்டுவதில்லை, இராசு. ஒரு முதுகைக் காட்டும், ஒரு துடுப்பைக் காட்டும். மிச்சத்தை மனம் தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் மரமோ வீடோ இல்லாததால் தொலைவும் பிடிபடாது. தொலைவு பிடிபடாவிட்டால் நீளத்தையும் சரியாகச் சொல்ல முடியாது. அருகில் உள்ள மூன்று மீட்டர் பொருள், தொலைவில் இருப்பதாக நினைத்துவிட்டால் முப்பது மீட்டராகிவிடும்.

பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடும் கூட்டத்தோடு மாலையில் நானும் போய் நிற்பது உண்டு. அங்கே ஒருநாள் இருட்டும் நேரத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஆறேழு மேடுகள் வரிசையாக எழுந்து அமிழ்ந்து போயின. வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி, கையிலிருந்த தூண்டிலை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்கினான். அது நீர்நாய்க் குடும்பம். ஒன்றன் பின் ஒன்றாக நீந்தும்போது ஒன்றின் தலை, அடுத்ததன் முதுகு, அதற்கடுத்ததன் வால் என்று ஒரே நீண்ட உடலாகத் தெரியும். பீஷான் பூங்காவிலும் மரினா பேயிலும் பகல் வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்துப் பழகிய நமக்கு அச்சமில்லை. அந்தத் தம்பி பார்த்ததும் அதே நீர்நாய்கள்தான். ஆனால் அவன் கண் முதன்முதலாகப் பார்த்தது. அங்கிருந்த ஒரு மலாய்ப் பெரியவர் அவனைக் கேலி செய்யாமல், அருகே அழைத்துச் சென்று ஒவ்வொரு தலையாகச் சுட்டிக்காட்டினார். எப்படி விளக்க வேண்டும் என்பதற்கு அவர்தான் எனக்கு முன்மாதிரி.

கப்பலின் அலையும் இப்படி ஏமாற்றும். கடல் அமைதியாக இருக்கும்போது, பெரிய கப்பல் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்து அதன் அலைவரிசை கரையை நோக்கி வரும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு அலைமுகடும் கறுத்து, ஊர்ந்து வரும் முதுகுத்தண்டாகவே தெரியும். கோடியக்கரைப் பக்கம் இரவில் பெரிய கப்பல்கள் எவ்வளவு தொலைவில் போகின்றன என்று கேட்டுப் பார்.

குளிர்ந்த கடல்களில் காற்றே ஏமாற்றும். குளிர்ந்த நீருக்கு மேல் சூடான காற்று படியும்போது ஒளி வளைந்து, தூரத்தில் தலையை நீட்டும் வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கோ திமிங்கிலமோ செங்குத்தாக நீண்டு மனித உருவம் போல் நிற்கும். கடல்மனிதனைக் கண்டால் புயல் வரும் என்று பழைய நார்வே மாலுமிகள் நம்பினார்கள். 1981-இல் வால்டெமார் லேன் என்ற கனடா விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டியபோது ஓர் அழகான உண்மை தெரிந்தது: அத்தகைய காற்றடுக்கு பல நேரம் புயலுக்கு முன்னால் உருவாகும். அவர்கள் கண்ட உருவம் மாயம். புயல் எச்சரிக்கை மெய். மூடநம்பிக்கை என்று தூக்கி எறிந்திருந்தால் அந்த அறிவும் போயிருக்கும்.

நீ அனுப்பிய காணொளியில் இருக்கும் கரையொதுங்கிய சடலத்துக்கு வருகிறேன். சிறிய தலை, நீண்ட கழுத்து, உடலெங்கும் மயிர். பார்த்தாலே யாருக்கும் பயம் வரும். ஆனால் அழுகல் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் போய் வியப்பு வரும். பாஸ்கிங் சுறா என்று ஒன்று உண்டு. பத்து மீட்டருக்கு மேலும் வளரும், வாயைத் திறந்தபடி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் சாது. இறந்து அழுகும்போது அதன் பெரிய தாடையும் செவுள்களும்தான் முதலில் கழன்று விழும். எஞ்சுவது சின்ன மண்டைக்கூடும் நீண்ட முதுகெலும்பும். அதுதான் கழுத்து! வாலின் கீழ்ப்பாதிக்குள் முதுகெலும்பு போவதில்லை. அதுவும் உதிர்ந்துவிட, வால் பாம்பு வாலாகிவிடும். தோல் போனபின் தசைநார்களும் துடுப்பு இழைகளும் பிய்ந்த தேங்காய் நாராகத் தொங்கும். அதைத்தான் பிடரிமயிர் என்கிறார்கள். ஆண் சுறாவாக இருந்தால், இனப்பெருக்க உறுப்புகள் இரண்டும் கூடுதல் கால்களாகத் தெரியும். 1808-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிரோன்சே தீவில் ஒதுங்கிய விலங்குக்கு ஆறு கால் என்று சத்தியம் செய்தவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். அதன் முதுகெலும்புத் துண்டுகளை லண்டனில் ஆராய்ந்த எவரார்டு ஹோம், சுறா என்று கண்டறிந்தார்.

1977 ஏப்ரலில் நியூசிலாந்துக்கு அப்பால் சுயியோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் பத்து மீட்டர் நீளச் சடலம் ஒன்று சிக்கியது; ஏறத்தாழ 1,800 கிலோ. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று கடலிலேயே திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஆனால் மிச்சிஹிக்கோ யானோ என்ற ஊழியர் படங்கள் எடுத்து, துடுப்பிலிருந்து சில இழைகளையும் பத்திரப்படுத்தினார். உலகமே டைனோசர் காலத்து விலங்கு என்று கொண்டாடியது. அந்த இழைகளின் அமினோ அமிலங்களைப் பரிசோதித்தபோது பாஸ்கிங் சுறாவோடு பொருந்தின. யானோவைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். நாற்றத்துக்கு நடுவே நின்று ஒரு பிடி இழையை எடுத்து வைக்கத் தோன்றியதே அவருக்கு!

நம் பக்கத்திலும் 2017 மே மாதம், இந்தோனேசியாவின் செராம் தீவில் பதினைந்து மீட்டர் நீளச் சடலம் ஒதுங்கியது. முதலில் ராட்சதக் கணவாய் என்றார்கள். தொண்டையின் வரிப்பள்ளங்களும் வாயின் வடிகட்டித் தகடுகளும் அது திமிங்கிலம் என்று காட்டிக்கொடுத்தன. உன் காணொளியில் சடலம் கிடக்கும் இடமோ நாளோ சொல்லவில்லை. மேலே திகில் இசை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அதை வேறு யாருக்கும் அனுப்பாதே.

எல்லாவற்றையும் சுறா, திமிங்கிலம் என்று முடித்துவிடுகிறேன் என்று நினைக்காதே. 1861-இல் அலெக்டோன் என்ற பிரெஞ்சுக் கப்பல் டெனரீஃப் தீவருகே ராட்சதக் கணவாயோடு மல்லுக்கட்டி, அதன் பின்பகுதித் துண்டை மட்டும் மேலே இழுத்தது. பாரிஸ் அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். மாலுமிகள் சொன்னது மெய். அந்தக் கணவாயை அதன் இருப்பிடத்தில் உயிரோடு படமெடுக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, 900 மீட்டர் ஆழத்தில், சுனேமி குபோதேரா எடுத்தார்.

என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. 1817-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் ஊரே திரண்டு கடற்பாம்பைப் பார்த்தது. ராபர்ட் பிரான்ஸ் என்ற கனடா ஆய்வாளர், அது மீன்வலையிலும் மிதவைகளிலும் சிக்கி அவற்றை இழுத்துக்கொண்டு திரிந்த விலங்காக இருக்கலாம் என்கிறார். வரிசையாகத் தெரிந்த மேடுகள், கயிற்றில் கோத்த மிதவைகள். எண்ணிப் பார். உயிருக்குப் போராடிய ஒரு பிராணியைப் பார்த்துக் கரையில் இருந்தவர்கள் நடுங்கினார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள்.

கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் அருங்காட்சியகத்துக்குப் பேரனை அழைத்துச் சென்றபோது இதையே நினைத்தேன். 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே மிதந்து வந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. பெண், 10.6 மீட்டர். நாட்டின் பொன்விழா ஆண்டில் வந்ததால் ஜூபி லீ என்று பெயரிட்டிருக்கிறார்கள். முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்க வேண்டும். வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் கோப்பையும் உணவு உறைகளும் இருந்தன. பேரன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தா, இதற்கு நம்மைப் பார்த்துப் பயமாக இருந்திருக்குமா?" என்று கேட்டான். இருந்திருக்கும் என்றேன்.

ஆகையால் மாணிக்கம் அண்ணனிடம் நிதானமாக இவற்றைக் கேள். மேடுகள் மேலும் கீழுமாக அசைந்தனவா, பக்கவாட்டில் நெளிந்தனவா? பாம்பும் மீனும் பக்கவாட்டில்தான் நெளியும். மேலும் கீழும் வளைவது திமிங்கிலம், ஓங்கல், ஆவுளியா போன்ற பாலூட்டிகளின் முதுகு. எல்லா மேடும் ஒரே நேரத்தில் தெரிந்தனவா, ஒன்றன் பின் ஒன்றாகவா? மூச்சு விடும் சத்தம் கேட்டதா? மேடுகளுக்கு இடையே சம இடைவெளி இருந்து அவை அமிழாமலே போயிருந்தால், வலையில் சிக்கிய ஏதோ ஒன்று மிதவைகளை இழுத்துப் போயிருக்கலாம். பங்குனி ஆமையாகக்கூட இருக்கலாம். அப்படியானால் பரிகாரத்துக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு படகுகள் போய்த் தேடிப் பார்க்கட்டும். இன்னும் உயிரோடு இருந்தால் வலையை அறுத்துவிடலாம். கரையில் ஏதாவது ஒதுங்கினால் வெறுங்கையால் தொடாமல், பக்கத்தில் ஒரு படகுத் துடுப்பை வைத்துப் படம் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். துடுப்பு இருந்தால்தான் நீளம் தெரியும்.

அவர் சொல்லும் பதிலை அவருடைய வார்த்தையிலேயே எழுதி அனுப்பு, நீ திருத்தாதே. தைப்பொங்கலுக்குப் பிறகு நானும் இவளும் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. அவரோடு ஒருமுறை கடலுக்குப் போக வேண்டும் என்று இப்போதே சொல்லி வை. தங்கச்சிக்குத் தைலமும், பிள்ளைகளுக்கு மைலோவும் கொண்டு வருகிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
கருணாகரன்