2.50 வெள்ளி எண்ணெய் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் முறுக்குச் சுட மானிய எண்ணெய் பாக்கெட் தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, அதுவும் மலேசியாவில், செம்பனைத் (பாமாயில் மரம்) தோட்டங்கள் சூழ்ந்த ஊரில்! ஒவ்வொரு முறையும் அமைச்சு தரும் பதில், சோதனையைக் கடுமையாக்குவோம் என்பதே. சோதனையால் இது தீராது. தட்டுப்பாட்டை உண்டாக்குவது ஒரு கிலோ பாக்கெட்டுக்குச் சட்டம் கட்டிவைத்திருக்கும் அந்த 2.50 வெள்ளி (ரிங்கிட்) விலைதான்.

கச்சா செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளிக்கு விற்றால் கிலோ 4 வெள்ளி. சுத்திகரிப்பு, பாக்கெட், லாரிக் கூலி எல்லாம் அதற்கு மேல். 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியபோதும் பாக்கெட் விலை அசையவில்லை. வித்தியாசத்தை வரிப்பணம் ஈடுகட்டுகிறது. அந்த வித்தியாசம் பெருகப் பெருக, பாக்கெட்டை வேறு பக்கம் தள்ளிவிடுவதில் லாபமும் பெருகுகிறது. மானிய பாக்கெட்டிலும் மானியமில்லாத போத்தலிலும் இருப்பது ஒரே எண்ணெய்தான். வெட்டி டின்னில் ஊற்றிவிட்டால் எந்த அதிகாரியாலும் பிரித்துக் காட்ட முடியாது. அது உணவுக்கடைக்குப் போகிறது, எல்லை தாண்டுகிறது.

மானிய எண்ணெயின் மாத ஒதுக்கீடு 60,000 டன், அதாவது 60 மில்லியன் பாக்கெட். நாட்டு மக்கள் ஏறக்குறைய 34 மில்லியன். கைக்குழந்தையையும் சேர்த்து ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் கிட்டத்தட்ட 9 கிலோ வருகிறது. அவ்வளவு எண்ணெய் எந்த வீட்டில் செலவாகிறது? ஒதுக்கீடு போதவில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நடுவில் மாட்டிக்கொள்பவர் சிறு மளிகைக்கடைக்காரர். பாக்கெட்டுக்குச் சில சென்தான் அவருக்கு மிச்சம். வேறு சரக்கும் எடுத்தால்தான் எண்ணெய் தருவேன் என்று மொத்த வியாபாரி நிபந்தனை போடுவதும் உண்டு. ஆனால் விதியை மீறினால் 1961 விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனிநபருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இவ்வளவு ஆபத்தைத் தலையில் சுமந்து சில சென்னுக்கு யார் அந்தச் சரக்கை வைப்பார்?

கோழியைப் பாருங்கள். 2022-இல் உச்சவரம்பு விலை இருந்தது, ஜூன் முதல் ஏற்றுமதித் தடையும் வந்தது, கூடவே தட்டுப்பாடும் இருந்தது. 2023 நவம்பர் 1 அன்று மானியமும் உச்சவரம்பும் நீங்கின. சந்தையில் கோழி காணாமல் போய்விடவில்லை.

ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. போத்தல் எண்ணெய் கிலோ 6 வெள்ளி என்று வைத்தால், மாதம் 5 கிலோ வாங்கும் குடும்பத்துக்குக் கூடும் செலவு 17.50 வெள்ளி. அதை நேரே கையில் கொடுத்துவிடலாம். 2025 ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் (அடையாள அட்டை) வழியாக, அடிப்படைப் பொருள் வாங்க 100 வெள்ளி ‘சாரா’ உதவி கொடுத்தார்கள். ஆக, வழி ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் வாங்குவதா, பருப்பு வாங்குவதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தோட்டத்துச் சிறு கடைகளும் சாரா திட்டத்தில் சுலபமாகப் பதிய முடிய வேண்டும். இல்லையேல் பேரங்காடிக்குப் போய்வரும் பஸ் காசிலேயே உதவி கரைந்துவிடும். விலைக் கட்டுப்பாட்டை எடுப்பதும் பெருநாள் சமயத்தில் வேண்டாம், கச்சா எண்ணெய் விலை இறங்கியிருக்கும் மாதத்தில் செய்யட்டும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்