பழைய ஜக்கு எதற்கு என்று கேட்டாயே

ஜான்சன் சிட்டி, டென்னசி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே குளிர் விட்டுவிட்டது. மலையெல்லாம் துளிர்க்க ஆரம்பித்தாயிற்று.

போன வாரம் வீடியோவில் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க புழங்குன ஜக்கை எதுக்குடி காசு குடுத்து வாங்குற, அந்த ஊர்ல புதுசே கிடைக்காதா?" என்று கேட்டாய். பதில் சொல்லத் தொடங்கினால் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பீங்கான் ஜக்கெல்லாம் செய்தது எர்வின் என்கிற சின்ன ஊரில், இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுற்றிலும் மலை, ஊருக்குள் ரயில் யார்டு. ரயில் கம்பெனி தயவில் 1917 வாக்கில் அங்கே ஒரு பீங்கான் ஆலை வந்தது, சதர்ன் பாட்டரீஸ் என்று. (அதற்கு முந்தைய வருஷம், பராமரித்தவனைக் கொன்றுவிட்டது என்று ஒரு சர்க்கஸ் யானையை அதே யார்டில் கிரேனில் தூக்குப் போட்டிருக்கிறார்கள். எர்வின் என்றாலே பலருக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும். பாவிகள்.)

முதலில் மற்ற ஆலைகளைப் போல அச்சடித்த படத்தை ஒட்டிச் சுட்டார்கள். 1930கள் முடிவதற்குள் எல்லாமே கைவேலை ஆகிவிட்டது. வரைந்தவர்கள் யார் என்கிறாய்? சுற்றுவட்டார மலை கிராமத்துப் பெண்கள். படம் வரையப் படித்தவர்கள் இல்லை, வேலைக்குச் சேர்ந்தபிறகு பழகியவர்கள். 1940களில் நன்றாக ஓடிய காலத்தில் ஆலையில் ஆயிரம் பேர் வரை வேலை செய்தார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரஷ் பிடித்தவர்கள். இந்தப் பக்கத்து மலைத்தொடரின் பெயரையே வைத்து, புளூ ரிட்ஜ் என்று விற்றார்கள்.

ஒருத்தி காம்பு போடுவாள், அடுத்தவள் இலை, இன்னொருத்தி இதழ். அப்படியே கை மாறிப் போகும். ஒருமுறை சுட்ட மண்ணின் மேல் வரைந்து, அதன்மேல் மெருகு பூசித் திரும்பவும் சூளையில் வைப்பார்கள். சாயம் மெருகுக்கு அடியில் இருப்பதால் எண்பது வருஷம் கழுவியும் போகவில்லை.

என்னிடம் ஒரே மாதிரிப் பூப்போட்ட ஜக்கு இரண்டு இருக்கிறது. ஒன்றில் இலை, பிரஷை அழுத்தி வைத்துச் சட்டென்று இழுத்த மாதிரி நீளமாக, நுனி மெலிந்து போகிறது. இன்னொன்றில் குட்டையாக, கொழுகொழுவென்று. சிவப்பு இதழ் ஒன்று எல்லை தாண்டி இலைமேல் ஏறியிருக்கிறது. நீ தட்டில் கிடக்கிற பீடியின் மடக்கைப் பார்த்தே, இது பெரியம்மா சுற்றினது, இது கீழவீட்டு அக்கா சுற்றினது என்று சொல்வாயே, அதுபோல எனக்கும் இப்போது கை தெரிகிறது. ஆள்தான் யாரென்று தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. ஜக்கு வடிவங்கள் பலவற்றுக்குப் பெண்கள் பெயர்தான்: ஆலிஸ், சாலி, பெட்ஸி, கிரேஸ். ஆனால் வரைந்தவள் பெயரை எங்கே தேடுவது? சில பெரிய தட்டுகளில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றதையெல்லாம் திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரையும், கையால் வரைந்தது என்கிற வரியும்தான். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் பீங்கான் மலிவாக வந்து இறங்கியது, பிளாஸ்டிக் தட்டும் வந்தது. 1957இல் ஆலையை மூடிவிட்டார்கள். எர்வின் மீன்பண்ணை வளாகத்தில் ஒரு பழைய வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள், அங்கே இந்தச் சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. நீ வந்தால் கூட்டிப் போகிறேன்.

நான் வாங்குவது பெரும்பாலும் எஸ்டேட் சேலில். வீட்டுக்காரர் இறந்துபோனால் கதவைத் திறந்துவைத்து, கரண்டி முதல் கட்டில் வரை விலை ஒட்டி விற்பார்கள். முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஜக்கின் மூக்கில் விரலை ஓட்டி உதிர்ந்திருக்கிறதா பார்ப்பேன். சுண்டினால் கணீர் என்க வேண்டும், சத்தம் செத்திருந்தால் எங்கேயோ விரிசல். கடைசியாக வாங்கியது 35 டாலர். ரூபாயில் கணக்குப் போடாதே, உனக்குத் தூக்கம் வராது.

சரி, சித்தி மகள் ஜூலையில் இங்கே வருகிறாளாமே. அவளிடம் கருப்பட்டியும் கொஞ்சம் சுக்குப்பொடியும் கொடுத்துவிடு. திரும்பும்போது அவள் கையிலேயே ஒரு ஜக்கு கொடுத்தனுப்புகிறேன், பார்சலில் போட்டால் உடைந்துவிடும். அதில் மோர் ஊற்றிவிடாதே, பழைய மெருகில் ஈயம் இருக்கலாம் என்கிறார்கள். பூ வேண்டுமானால் வைத்துக்கொள்.

அன்பு மகள்,
செல்வி