ஒன்பதரை மணிக்கு நாங்கள் மேலூரில் இருந்தோம்

மத்திய சுகாதாரத் துறைக்கும் விமானப் போக்குவரத்துத் துறைக்கும் பொறுப்பான அமைச்சர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நாடு முழுவதற்கும் அரசே நடத்தும் ஏர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று பலரும் உங்களிடம் கேட்டிருப்பார்கள், அதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் அப்பத்தாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. 108 சீக்கிரமே வந்தது, அதில் குறை இல்லை. காரைக்குடியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இங்கே வசதி இல்லை, மதுரைக்குப் போங்கள் என்றார்கள். அப்போதே ஏழரை. வேறு வண்டி பிடித்துக் கிளம்பும்போது எட்டேகால். மதுரைக்கு 90 கிலோமீட்டர், வழியெல்லாம் பள்ளிக்கூட நேரத்து நெரிசல். நான் தலைமாட்டில் உட்கார்ந்து மணியையே பார்த்துக்கொண்டிருக்க, அப்பத்தா இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், விட்டதும் அது விழும், மறுபடி தூக்குவார். ஒன்பதரைக்கு மேலூரில் இருந்தோம். ஊசிக்கான நேரம் வண்டிக்குள்ளேயே முடிந்துவிட்டது.

இப்போது அவருக்குப் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார்.

ஹெலிகாப்டருக்கு அந்தத் தூரம் அரை மணி. தனியார் ஏர் ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அவர்கள் கேட்கும் லட்சங்களுக்கு நாங்கள் எங்கே போவது? மத்தியப் பிரதேசத்தில் 2024 முதல் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களை இலவசமாகக் கொண்டுபோகிறார்கள். ரிஷிகேஷ் எய்ம்ஸிலும் அதே ஆண்டு ஒரு ஹெலிகாப்டர் வந்தது, 2025 மே மாதம் அது கேதார்நாத்தில் விபத்துக்குள்ளானது. ஒற்றை ஹெலிகாப்டரை நம்பி நடத்துகிற காரியமா இது? அதனால்தான் தேசிய அளவில் வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊர்களில் பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அவர்களுக்கு யார் வண்டி தேடுவது? தேர்தல் வந்தால் மட்டும் தலைவர்கள் இறங்க மளமளவென்று ஹெலிபேட் போட்டுவிடுகிறீர்கள், ஒரு நோயாளிக்காக எங்கள் பக்கம் ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் கிடக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் கேட்கவில்லை. நாலைந்து மாவட்டத்துக்கு ஒன்று, கூடவே ஒரு டாக்டர், 108-ஐ அழைத்தால் வர வேண்டும், காசு கேட்கக் கூடாது. நாடு முழுவதும் அப்படி ஒரு சேவையைத் தொடங்குங்கள். அதற்கு முன்னால் அந்த ஓடுதளத்தைப் பார்க்க ஓர் அதிகாரியையாவது தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
அப்பத்தாவின் பேரன்