கழுத்தை நெட்டி முறிப்பதை சலூன்கள் நிறுத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடி வெட்டி, ஷேவிங் முடித்து, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிக் கொடுத்த பிறகு, தாடையில் ஒரு கையும் உச்சியில் ஒரு கையுமாகப் பிடித்து வெடுக்கென்று திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுப்பது நம் ஊர் சலூன்களில் காலம் காலமாக நடக்கிறது. இப்போது அந்த ஒரு நொடியை மட்டும் படம்பிடித்துப் போடும் வீடியோக்கள் பெருகிவிட்டன. சத்தம் நன்றாக விழ வேண்டும் என்று கழுத்தருகே மைக் வைக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள், "அண்ணே, கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடுங்க" என்று தாங்களே கேட்கிறார்கள். மசாஜ் சிகிச்சை கற்றுக்கொடுப்பவர்கள் என்ற முறையில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். தலை மசாஜ் தாராளமாக இருக்கட்டும். அந்தக் கடைசித் திருப்பு மட்டும் வேண்டாம்.

முதலில் அந்தச் சத்தம். எலும்பு 'செட்' ஆன சத்தம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளியேறி ஒரு குமிழ்வெளி உண்டாகிறது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விரல் மூட்டை இழுத்து, சத்தம் வரும் தருணத்தையே எம்.ஆர்.ஐ.யில் பதிவு செய்து இதைக் காட்டினார்கள். ஒருமுறை சொடக்கு வந்த மூட்டில் மறுபடி வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆவதற்கும் காரணம் அந்த வாயுதான். சத்தம் வந்ததும் கழுத்து லேசானதுபோலத் தோன்றுவது உண்மை. தசை சிறிது நேரம் தளர்கிறது, அவ்வளவே. இறுக்கத்துக்கான காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் இன்று நெட்டி எடுத்தவர் நாளையும் கேட்கிறார்.

இந்தச் சில நிமிடச் சுகத்துக்கு எதைப் பணயம் வைக்கிறோம் என்று பாருங்கள். கழுத்து எலும்புகள் 7. மேலே உள்ள இரண்டும் மற்ற ஐந்தைப் போன்றவை அல்ல. முதலாவதான அட்லஸ் ஒரு வளையம். இரண்டாவதான ஆக்சிஸில் ஒரு முளை மேல்நோக்கி நிற்கும். அந்த முளையைச் சுற்றி வளையம் சுழல்வதால்தான் நாம் தலையைத் திருப்ப முடிகிறது. மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்தில் நடக்கிறது. முளை பின்னுக்கு நகர்ந்து தண்டுவடத்தில் இடிக்காமல் தடுப்பது குறுக்கே ஓடும் ஒரு நார்ப்பட்டை.

இனி ரத்தக்குழாய். வெர்ட்டிப்ரல் தமனி என்பது இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு. காறை எலும்புக்கு (நெஞ்செலும்பையும் தோளையும் இணைக்கும் எலும்பு) பின்னால் கிளம்பி, பெரும்பாலானோருக்கு ஆறாவது கழுத்தெலும்பின் பக்கத் துளைக்குள் நுழைந்து, ஒவ்வோர் எலும்பின் துளை வழியாகவும் மேலேறுகிறது. அட்லஸைத் தாண்டியதும் நேராக மண்டைக்குள் போவதில்லை. பின்பக்கமாக வளைந்து, வளையத்தின் மேல் படுத்துச் சென்று, அதன் பிறகே உள்ளே நுழைகிறது. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வைக்கான பின்மூளை எல்லாவற்றுக்கும் ரத்தம் இந்த வழியாகத்தான். தலையை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் இடப்பக்கத் தமனி அந்த வளைவில் இழுபடும். நாமாகத் திருப்பும்போது தசைகள் எல்லை தெரிந்து நிறுத்திவிடுகின்றன. பின்னால் நிற்பவர் எதிர்பாராத நொடியில் திருப்பும்போது அந்தக் காவல் இல்லை. போதாததற்குத் தாடையைத் தூக்கித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துத்தான் திருப்புகிறார்கள். அப்போது தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் சுவருக்குள் புகும், உறையும். அந்த உறைகட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இது உடனேயே நடக்கலாம். சில மணி நேரமோ சில நாளோ கழித்தும் நடக்கலாம். அப்படித் தாமதமாக வரும்போது யாரும் சலூன் நாற்காலியை நினைத்துப் பார்ப்பதில்லை.

இது அரிதாகவே நடக்கிறது; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்திருக்கிறது. 2024இல் கர்நாடகத்தின் பல்லாரியில் சலூனில் தலை மசாஜோடு கழுத்தைத் திருப்பிவிட்டதில் 30 வயது இளைஞருக்குப் பேச்சுக் குழறி, ஒரு பக்கம் பலம் குறைந்தது; கழுத்துத் தமனி கிழிந்ததால் வந்த பக்கவாதம் என்று செய்திகள் வந்தன. 2017இல் டெல்லியில் 54 வயதான ஒருவருக்கு மூளை அல்ல, மூச்சு பாதிக்கப்பட்டது. கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பும் ஃப்ரெனிக் நரம்புதான் உதரவிதானத்தை அசைக்கிறது. அது சேதமானதால் அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. சலூனுக்கு வருபவர் எவருடைய தமனி தாங்கும், எவருடையது தாங்காது என்று வெளியிலிருந்து கண்டறிய நம்பகமான வழி கிடையாது. நாங்கள் இதில் விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் உண்டு. அதிகம் பேசப்படாதது. தமனி தானாகவே, அல்லது பலமான தும்மல், பாரம் தூக்கல் போன்ற சிறு காரணத்தால், ஏற்கெனவே லேசாகக் கிழிந்திருந்தால் அதன் முதல் அறிகுறியே கழுத்துவலியும் பின்தலை வலியும்தான். அந்த வலிக்காகத்தான் அவர் மசாஜுக்கு வந்து உட்கார்கிறார். "இதுவரை இப்படி வலித்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால் கையை எடுத்துவிட வேண்டும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், முகத்தில் மரமரப்பு, ஒரு கண்ணிமை மட்டும் தொங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜ் கிடையாது, மருத்துவமனைதான். காய்ச்சலோடு தாடை நெஞ்சைத் தொடாத அளவு பிடரி விறைத்திருந்தாலும், கழுத்தும் தாடையும் இடக்கையும் சேர்ந்து வலித்து வியர்த்தாலும் அப்படியே. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, நடக்கும்போது கால் பின்னுகிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் கழுத்துக் கட்டியைப் பிசைந்து கரைக்கப் பார்ப்பது பெரிய தவறு. நம் ஊரில் அது காசநோய்க் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கழுத்தின் முன்பக்கத்தை அழுத்தவே கூடாது. கழுத்தின் முன்பக்கமாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி குரல்வளையின் மேல் விளிம்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் பகுதி ஒன்று உள்ளது. அதை அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து ஆள் மயங்கிச் சாயலாம். வயதானவர்களுக்கு அங்கே கொழுப்புப் படிவு இருந்தால் அது உடைந்து மூளைக்குப் போகலாம். காறை எலும்புக்கு மேலுள்ள குழியிலும் விரலை அழுத்தி இறக்கக் கூடாது. கைக்குப் போகும் நரம்புக் கற்றை அங்கேதான் இருக்கிறது. நுரையீரலின் நுனியும் காறை எலும்புக்கு மேல் 2 முதல் 3 செ.மீ. வரை ஏறியிருக்கும். நம் வர்ம மரபு 108 வர்மங்களில் 25ஐத் தலை முதல் கழுத்து வரை வைத்திருப்பதை இங்கே சொல்ல வேண்டும். உடலின் இவ்வளவு சிறிய பகுதியில் இத்தனை இடங்களைக் குறித்துவைத்து, அங்கே கை வைக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்று வைத்த மரபு நம்முடையது.

அப்படியானால் கழுத்து பிடித்துக்கொண்டு வருபவருக்கு என்னதான் செய்வது? நிறையவே செய்யலாம். பெரும்பாலான கழுத்துவலி எலும்பில் அல்ல, தசையில் இருக்கிறது. பிடரியிலிருந்து தோள் நுனிக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசையை மேலிருந்து குத்தி அழுத்தாமல், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் கவ்வி, லேசாகத் தூக்கி, 20 நொடி பிடித்துவிட வேண்டும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் பிடி வழுக்கும், வழுக்கினால் நகம் பதியும். காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் திரும்ப முடியாமல் போகும் பிடிப்புக்குப் பல நேரம் காரணம், கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கு வரும் லெவேட்டர் ஸ்கேப்புலே தசை. அந்த மேல்முனையை ஒட்டி உள்பக்கமாகத் தடவினால் கயிறு போல ஒரு முடிச்சு தட்டுப்படும். அங்கே 30 நொடி நிதானமாக அழுத்திப் பிடித்து, பிறகு அவரையே எதிர்ப்பக்க அக்குளைப் பார்ப்பதுபோல மெதுவாகக் குனியச் சொல்ல வேண்டும். 20 நொடி, மூன்று முறை. திருப்புவது அவருடைய தசையாக இருக்க வேண்டும், நம் கையாக இருக்கக் கூடாது. தாங்கவே முடியாத வலியை 10 என்று வைத்துக் கேட்டால், 6ஐத் தாண்டும் அழுத்தம் தேவையில்லை. தாண்டினால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகும்.

பின்தலையிலிருந்து கண்வரை இழுக்கும் வலிக்கு, மண்டையோட்டின் கீழ்விளிம்பில் இருக்கும் சப்ஆக்சிபிட்டல் தசைகளைப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு சிறு தசைகள். நாள் முழுவதும் போனைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு முதலில் இறுகுவது இவைதான். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, முன்கைகளை மேசையில் ஊன்றி, விரல்களை நேராக மேல்நோக்கி நிறுத்தி, மண்டை விளிம்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விரல்நுனிகளை வைக்க வேண்டும். பிறகு தேய்க்கவே கூடாது. ஐந்து கிலோ அரிசிப் பை அளவு எடையுள்ள தலை, தன் பாரத்தாலேயே விரல்மேல் இறங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு ஆழமாகும், விரலுக்கடியில் இருந்த கட்டி மெழுகாக இளகும். சலூனில் படுக்கை இல்லாவிட்டால், முன்னால் உள்ள மேசையில் கைகளை மடக்கி நெற்றியைச் சாய்க்கச் சொல்லி, அதே இடத்தில் கட்டைவிரல்களால் மெல்ல அழுத்தலாம். நெட்டி எடுத்தால் கிடைப்பதைவிட நீடித்த ஆறுதல் இதில் கிடைக்கும். பழகியவர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் எஸ்.சி.எம். தசையின் வலி நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தெரியும். சைனஸ் என்று நினைத்து மாத்திரை சாப்பிடுவோர் உண்டு. தசையை மட்டும் இரு விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டும். விரலில் துடிப்பு தெரிந்தால் உடனே விட்டுவிட வேண்டும். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கக் கூடாது. தாடைத் தசைக்குப் பல்லைக் கடிக்கச் சொன்னால் புடைக்கும் இடத்தில் அரை நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போதும். வாயில் மூன்று விரல் நுழையாத அளவு தாடை இறுகியிருந்தால் பல் மருத்துவரைப் பார்க்கட்டும்.

டூவீலரிலிருந்து விழுந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுந்த அன்று வலி தெரியாது. மறுநாள்தான் கழுத்து இறுகும். நேராகச் 'சுளுக்கு எடுக்க' வந்துவிடுவார்கள். வயது 65க்கு மேல், கைகாலில் சுருக் சுருக்கென்ற மரமரப்பு, நடு எலும்பைத் தொட்டால் வலி, தலையை இரு பக்கமும் 45 டிகிரி திருப்ப முடியாமை: இவற்றில் ஒன்றிருந்தாலும் படம் எடுத்துப் பார்க்காமல் தொடக் கூடாது. முடக்குவாதம் (ருமட்டாய்டு எனப்படும் மூட்டுநோய்) உள்ளவர்களுக்கு முன்னே சொன்ன குறுக்கு நார்ப்பட்டை தளர்ந்திருக்கக் கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் அப்படியே. பல ஆண்டு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு பலவீனமாக இருக்கும்.

பியூட்டி பார்லர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமுடி அலசும் தொட்டியின் விளிம்பில் கழுத்தை மடக்கிப் பின்னால் சாய்ப்பதும் அதே தமனியை நெருக்கும். இப்படி ஐந்து பெண்களுக்கு வந்த பாதிப்பு 1993இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. விளிம்பில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்தைத் தாங்கி, தலை சற்று உயர்ந்தே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களை முன்பக்கமாகக் குனிய வைத்து அலசுவது நல்லது.

முடிதிருத்துவோர் சங்கங்கள் இதைத் தங்கள் உறுப்பினர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். சலூன்காரர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. அவர்களுக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அரசின் திறன் பயிற்சி வகுப்புகளில் கழுத்தின் அமைப்பு பற்றி இரண்டு மணி நேரப் பாடம் சேர்த்தாலே பாதி வேலை முடியும். கடைகளில் "கழுத்தில் நெட்டி எடுப்பதில்லை" என்று ஒரு அட்டை தொங்கினால், கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதும் எளிது.

கழுத்தைத் திருப்பிய பிறகு யாருக்காவது முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, நிற்க முடியாமல் சுற்றினாலோ, 108ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது; விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்தைத் திருப்பியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மூளையோடு கழுத்து ரத்தக்குழாய்களையும் சேர்த்து ஸ்கேன் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
மசாஜ் சிகிச்சைப் பயிற்றுநர்கள்,
திருச்சி