புளித் தராசில் எடை போட்ட கேஸ்

காவேரிப்பட்டணம்
பங்குனி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. புளி தட்டுகிற வேலை ஆரம்பித்துவிட்டதால் அதைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். போனிலேயே சொல்லலாம் என்று இருந்தேன். பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். விஷயம் நீளம், அதுவும் உன் பணம் சம்பந்தப்பட்டது.

பிக்கப் ஏசி ரிப்பேருக்கு நீ அனுப்பிய 12,000 ரூபாயை நான் கடையில் கொடுக்கவில்லை. அதில் குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் பம்ப் ஒன்றும், அழுத்தம் பார்க்கிற கேஜ் செட் ஒன்றும் வாங்கிவிட்டேன். திட்டுவதானால் இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத் திட்டு.

போன வருஷம் மார்ச்சில் ஒரு தடவை, மாங்காய் சீசன் நடுவில் ஒரு தடவை, இரண்டு முறை ஏசிக்குக் கேஸ் ஏற்றினோம். இரண்டு முறையும் ஒரே கடை. "கேஸ் கம்மியா இருக்குண்ணா" என்று சொல்லி ஏற்றி அனுப்பினான். மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. மூன்றாவது முறை போனபோது கண்டென்சரையும் கூலிங் காயிலையும் மாற்றணும், 22,000 ஆகும் என்றான். எங்கே லீக் என்று கேட்டேன். பதில் இல்லை. கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு? மூடின குழாய்க்குள்ளேயே கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு அது. குறைந்தால் எங்கேயோ வெளியே போகிறது. எங்கே போகிறது என்று பார்க்காமல் மேலே மேலே ஊற்றுகிறவனுக்கு நான் ஏன் பணம் கொடுக்கணும்?

ஏசி இல்லாமல் முப்பது வருஷம் ஓட்டினவர்தானே நீங்கள் என்று கேட்பாய். ஓட்டினேன். ஆனால் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லோடோடு வரிசையில் நிற்கிறோமே, அது ஓட்டம் இல்லை. காற்று அசையாது. மே மாதத் தகரக் கூரைக்குக் கீழே நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம். இரண்டு வருஷமாக அம்மாவும் கூட வருகிறாள், நான் மயக்கம் போட்டுவிடுவேனோ என்று பயந்து. 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு. நம்ம பிக்கப் அதற்குக் கீழே. சின்ன வண்டிக்காரனுக்கு வேர்க்காது போலிருக்கிறது.

சரி, லீக்குக்கு வருகிறேன். இன்ஜின் நின்றிருக்கும்போது, குழாய்க்குள் திரவம் கொஞ்சம் இருந்தால்கூட, நம்ம ஊர் காலை வெயிலுக்குக் கேஜில் இரண்டு ஊசியும் 90 பிஎஸ்ஐக்குப் பக்கம் காட்டணும். நமக்கு 40 காட்டியது. ஏசி போட்டால் கம்ப்ரசர் கிளட்ச் "டக்" என்று பிடிக்கும், நாலு விநாடியில் விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். அழுத்தம் ரொம்ப இறங்கினால் கம்ப்ரசர் கெட்டுப்போகாமல் சுவிட்ச் நிறுத்திவிடுகிறது. அதனால் சுவிட்சை நேரடியாக வயர் போட்டு ஓட்டுகிறவனை நம்பாதே.

கேஸோடு கொஞ்சம் ஆயிலும் சேர்ந்து சுற்றுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும். ஆயில் இருக்கிற இடத்தில் தூசி ஒட்டும். பர்கூர் பக்கம் கிரானைட் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது ஒரு வசதி. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயெல்லாம் வெள்ளைத் தூசி, கண்டென்சருக்குள் போகிற இணைப்பில் மட்டும் கறுப்பாகப் பிசுபிசுப்பு. சோப்புத் தண்ணீர் தடவினேன், பொடிப் பொடியாக நுரை வந்தது. அதோடு நிறுத்தாமல் கேஸ் ஏற்றுகிற வாயிலும் ஒரு சொட்டு விட்டேன். ஒரு குமிழி, மெதுவாக, உன் தம்பி சின்ன வயதில் எச்சிலில் ஊதுவானே அப்படி, ஊதிக்கொண்டே வந்தது. மூடி இல்லை! கேஸ் ஏற்றினபோது கழற்றின மூடியைத் திரும்பப் போடவே இல்லை. அந்த மூடிதான் கடைசிக் காவல். உள்ளே இருக்கிற பின் வால்வு டயர் வால்வு மாதிரியே இருக்கும், ஆனால் டயருடையதைப் போடக் கூடாது. ஏசிக்கு என்று தனியாக விற்கிறார்கள்.

உன் தம்பி, டயர் கடையில் காற்றுப் பிடித்து லீக் பார்க்கலாம் என்றான். கூடாது. காற்றோடு ஈரம் உள்ளே போகும். அது மட்டுமில்லை, நம்ம ஏசியில் இருக்கிற இந்த 134ஏ கேஸ் சும்மா இருந்தால் பற்றாது, காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருந்தால் பற்றக்கூடும். சிலர் சமையல் கேஸையே ஏற்றி ஓட்டுகிறார்கள். கூலிங் காயில் இருப்பது கேபினுக்குள், பக்கத்தில் பீடியோடு ஒருத்தன். நினைத்துப் பார்.

மிச்சமிருந்த கேஸை ஊருக்குள் திறந்துவிட மனசு வரவில்லை. அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற சரக்கு அது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் மெஷின் வைத்திருக்கிற இன்னொரு கடைக்காரர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டார். "யாருமே இதுக்குன்னு வந்ததில்லைங்க" என்றார்.

பிறகு வீட்டு வாசலில் வேலை. இணைப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. பச்சை நிறப் புது ஓ-ரிங் ஒன்று, பின் வால்வு ஒன்று, ட்ரையர் பாட்டில் ஒன்று. ட்ரையர் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள், திறந்து வைத்தால் காற்றிலிருந்தே குடித்து நிறைந்துவிடும். அதனால் அதன் மூடியைக் கடைசி நிமிஷத்தில்தான் கழற்றினேன். கம்ப்ரசர் மேல் என்ன ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே 30 மில்லி விட்டேன்.

பம்பைப் போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டி, வால்வுகளை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஊசி நாலு கோடு இறங்கியிருந்தது, எங்கேயோ இன்னும் லீக். மறுபடியும் கழற்று. தப்பு என்னுடையதுதான். ஓ-ரிங்கை ஆயிலில் நனைக்காமல் வறட்சியாகப் போட்டு முறுக்கியதில் அது திருகி ஓரம் அறுந்திருந்தது. வாங்கின பெட்டியில் பத்து இருந்ததால் பிழைத்தேன். அம்மா புளி தட்டிக்கொண்டே, "காலைலருந்து ஒரே நட்டையே நோண்டிக்கினு இருக்கறியே" என்றாள்.

இரண்டாவது தடவை ஊசி நின்றது. ஆனால் 28-வது கோட்டில் நின்றது. நான் பார்த்த வீடியோவில் 29-க்கு மேலே, 30-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பம்ப் மட்டமோ, ஓஸ் ஓட்டையோ என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஓஸ் வாஷர் எல்லாம் மாற்றினேன். கடைசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெரியவருக்குப் போன் போட்டால் அவர் சிரிக்கிறார். "நம்ம ஊரு என்ன மெட்ராஸா? ஓசூர்ல 27 வந்தாலே அதிகம். உங்களுக்கு 28 வந்துதுல்ல, மூடிட்டு ஏத்துங்க."

அப்புறம்தான் நீ பதினொன்றாவது படிக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது: மலைமேல் காற்றின் எடை குறைவு, அதனால் ஊட்டியில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சோறுதான் வேக நேரமாகும். இந்தக் கேஜ், வெளியே இருக்கிற காற்றைக் கழித்துத்தான் காட்டுகிறது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடு குறையும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர், ஓசூர் 900. கணக்குச் சரியாக வருகிறது. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் குழாய்க்குள் ஒட்டியிருக்கிற ஈரம் நம்ம வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வந்துவிடும், அதற்குத்தான் அவ்வளவு நேரம் பம்ப் ஓட்டுவது. ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். அதனால்தான் வண்டியை வேப்பமரத்து நிழலிலிருந்து எடுத்து மதிய வெயிலில் நிறுத்தினேன். அம்மாவுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. ஏசியைச் சரிபண்ணுகிறவன் வெயிலைத் தேடிப் போகிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். மணி மூன்று, ஆபீஸ் நேரம் என்று வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஊசி அசையவில்லை. இனிமேல் கேஸ். பானெட்டுக்கு உள்ளே ஸ்டிக்கரில் 550 கிராம் என்று இருக்கிறது. கடையில் ஊசியைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுவார்கள். அதிகமானாலும் கூலிங் குறையும், கம்ப்ரசரும் திணறும். எடை போட்டே ஏற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் எடை என்றால் அம்மாவின் எலக்ட்ரானிக் தராசு, புளி வியாபாரி ஏமாற்றுகிறான் என்று அவள் போன வருஷம் வாங்கினது. கேஸ் போகப் போகக் கேன் ஜில்லிட்டு ஏறாமல் நிற்கும் என்பதால் குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, கேனை அதில் நிமிர்த்தி, குண்டானோடு தராசில் ஏற்றினேன். வெதுவெதுப்புதான், கை வைத்தால் தாங்கணும். கொதிக்கிற தண்ணீர் கிட்டவே வரக் கூடாது. கேனைக் கவிழ்த்தாலும் திரவமாகவே போய்க் கம்ப்ரசரை உடைத்துவிடும்.

பாதிக் கேன் வேக்குவத்துக்குத் தானாகவே இழுத்துக்கொண்டது. பிறகு இன்ஜினை ஓட்டி, ஏசியை முழுசாகப் போட்டு, அழுத்தம் குறைந்த பக்கத்து நீல வால்வு வழியாக மட்டும் மெதுவாக. சிவப்பு வால்வைத் தொடாதே என்று தம்பியின் கையைத் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் அழுத்தம் அதிகம், அது கேனுக்குள் திரும்பினால் கேன் வெடிக்கும். ஒரு கேனில் 450 கிராம், அடுத்ததில் 100. புளி எடை போடுகிற மாதிரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தாள். "போதும், போதும், மூடு" என்று சரியாக 550-ல் நிறுத்தினதும் அவள்தான்.

கிளட்ச் பிடித்தது. விடவில்லை. நீல ஊசி 38, சிவப்பு ஊசி 220. வெளியே 34 டிகிரி. ஏசி வாயில் தெர்மாமீட்டரைச் செருகினால் 8 வரை இறங்கியது. தம்பி கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஓஸைக் கழற்றும்போது அவசரத்தில் கிளவுஸைக் கழற்றிவிட்டேன். ஒரு சொட்டு இடது கட்டைவிரலில் பட்டது. வெளிக் காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, தோல் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்துவிட்டது. இப்போது கொப்புளம் வற்றிவிட்டது. கண்ணுக்குப் போட்ட கண்ணாடியை மட்டும் கடைசி வரை கழற்றவில்லை, அதுவரை புத்தி இருந்தது.

கணக்கு: பம்ப் 5,200, கேஜ் 1,900, கேன் இரண்டும் 900, ட்ரையர் 750, ஓ-ரிங்கும் பின் வால்வும் மூடியும் 300, ஆயில் 350, தெர்மாமீட்டர் 150, உறிஞ்சினவருக்கு 300. மிச்சம் 2,150. அதை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள், குண்டானுக்கு நஷ்டஈடாம். அந்தக் குண்டானை அவள் திரும்பச் சமையலுக்கு எடுக்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது வண்டியை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொன்னாய். நான் பதில் பேசாமல் எழுந்து போனேன், அது உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மாங்காய் சீசன் போகட்டும். பம்ப் வாங்கினவன் வண்டியை விற்பானா என்று அம்மா கேட்கிறாள், அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

சித்திரையில் லீவு கிடைக்கும் என்றாயே. பெங்களூரு வந்து பஸ் ஏறினதும் போன் போடு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.

ஒரு வேலை இருக்கிறது. ப்ளோயர் நாலாவது ஸ்பீடில் மட்டும்தான் ஓடுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று வேலை செய்யவில்லை. ரெசிஸ்டர் போயிருக்கிறது, கழற்றிப் பார்த்துவிட்டேன். இங்கே இரண்டு கடையில் இல்லை. பழையதைப் போட்டோ எடுத்துத் தம்பி போனிலிருந்து அனுப்பச் சொல்கிறேன். புனேயில் கிடைத்தால் ஒன்று வாங்கி வா. வயர் செருகுகிற இடத்தில் பின் நாலா ஐந்தா என்று எண்ணிப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா