கண் ரிப்போட் நல்லம், ஆனால் பிள்ளைக்குத் தெரியவில்லை

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், திருகோணமலை வலயத்தில் விசேட கல்வியைப் பொறுப்பெடுத்திருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நேரே விசயத்துக்கு வருகிறேன். கண்ணில் ஒரு பழுதும் இல்லாமலே சரியாகப் பார்க்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கண் அனுப்புவதை மூளை பிரித்து அறிவதில்தான் அவர்களுக்குச் சிக்கல். மூளைசார் பார்வைக் குறைபாடு என்பார்கள், டொக்டர்மார் சி.வி.ஐ. என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாதம் நிறையாமல் பிறந்தது, பிறக்கும்போது மூச்சுத் திணறியது, பிறந்தவுடன் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியது, மூளைக்காய்ச்சல், தலையில் நீர் கோர்த்தது என்று காரணங்கள் பல. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி கூடவே இருக்கும், ஆனால் கைகால் பயிற்சிக்கு அலைகிற அலைச்சலில் பார்வையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என் மகளுக்கும் இதுதான். கண் கிளினிக்கில் நல்லம் என்று எழுதித் தந்தார்கள், அதைப் பார்த்த வகுப்பாசிரியர் "அப்ப இவ நடிக்கிறா" என்று முடிவுகட்டிவிட்டார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல ஏலாது. வெறும் மேசையில் கிடக்கிற சிவப்பு மூடியைச் சட்டென்று எடுக்கிறவள், நாலு கொப்பிக்கு நடுவில் தன் கொப்பியைக் காணாமல் தடவினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் இந்தக் குறைபாடே அப்படித்தான், களைத்தால், சத்தம் கூடினால், பொருட்கள் நெருங்கிக் கிடந்தால் பார்வை குறைந்துவிடும். கோணேசர் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நான் முன்னால் நின்றாலும் வாய் திறந்து கூப்பிட்டால்தான் என்னை அறிவாள். படி இறங்கும்போது கால் தேடும், ஏனென்றால் சில பிள்ளைகளுக்குக் கீழ்ப்பக்கம் தெரிவதில்லை.

நான் கேட்பதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. கண் ரிப்போட்டைப் பார்த்தவுடன் கோப்பை மூடாதீர்கள், பிறந்தபோது என்ன நடந்தது, சின்ன வயதில் என்ன வருத்தம் வந்தது என்று தாயிடம் கேளுங்கள், சிறுவர் சுகாதாரப் பதிவேட்டையும் ஒருதரம் புரட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு கணக்கு மட்டும் இருக்கட்டும், எழுத்தைப் பெருப்பித்தால் போதும் என்று நினைக்கிறார்கள், பக்கம் நெருக்கமாக இருந்தால் பெரிய எழுத்தும் உதவாது. சுவர் முழுக்கப் படம் ஒட்டி அலங்கரிப்பது நமக்கு அழகுதான், ஆனால் கரும்பலகையைச் சுற்றியாவது வெறுமையாக விடச் சொல்லுங்கள். இருக்கை சத்தம் குறைந்த பக்கம், எழுதக் கூடுதல் நேரம், இடையில் கொஞ்சம் கண் ஓய்வு. பரீட்சையிலும் அதே சலுகை கிடைக்க வலயமே எழுதித் தர வேண்டும், ஒவ்வொரு தாயும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கக்கூடாது.

அங்கவீனத்தைக் காட்டிப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சரி, சேர்த்துவிட்டீர்கள், அப்புறம் மூலையில் உட்கார வைத்தால் என்ன பயன்?

அடுத்த ஆசிரியர் செயலமர்வில் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள், தமிழில். மூதூர், கிண்ணியா ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள். பெற்றோர் நாங்களும் வந்து, வீட்டில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று சொல்கிறோம். திகதியை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு தாய்